அணங்கா, மயிலா, பெண்ணா? ஐயத்தை அணியாக்குவது பற்றிச் சில கேள்விகள்

கல்லூரி மாணவி: தெரிந்துகொண்டே தெரியாததுபோல் எழுதுவது பொய் இல்லையா அம்மா?

பதில்: இல்லைம்மா. 1081ஆம் குறளைப் பார். 'அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ கனங்குழை மாதர்கொல் மாலும்என் நெஞ்சு.' 'தெய்வப் பெண்ணோ, மயிலோ, கனத்த குழை அணிந்த பெண்ணோ என்று என் நெஞ்சு மயங்குகிறது' என்கிறான் காதலியை முதலில் காணும் காதலன். அவள் பெண் என்பது அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனால் கண்டதும் நெஞ்சு மயங்கியது மெய். அந்த மயக்கத்தைத்தான் சொல்கிறான். 'கொல்லே ஐயம்', அதாவது 'கொல்' என்ற சொல் ஐயத்தைக் காட்டும் என்பது தொல்காப்பியம். அந்தக் 'கொல்' ஒரே குறளில் மூன்று முறை வருகிறது.

இன்னொன்றும் உண்டு. இப்படி ஐயுற்றவன் எவற்றைக் கண்டு தெளிவான் என்று தொல்காப்பியர், மறைவான காதலைச் சொல்லும் களவியலில் பட்டியலே தருகிறார்: வண்டு, இழை (அணிகலன்), பூ, கண், இமைப்பு, அச்சம் என்று. தெய்வப் பெண் இமைக்க மாட்டாள் அல்லவா? குறளில் 'மாதர்' என்ற சொல்லுக்கு முன்னாலேயே கனத்த குழை தொங்குகிறது. விடையைக் காதில் மாட்டிவிட்டுத்தான் வள்ளுவர் ஐயத்தையே எழுப்புகிறார். எத்தனை முறை பாடம் நடத்தினாலும் இந்த இடத்தில் நின்றுவிடுவேன்.

தமிழாசிரியர்: இராமனின் அழகைச் சொல்லும் கம்பரின் 'மையோ மரகதமோ மறிகடலோ மழைமுகிலோ' இதே வகைதானே?

பதில்: தொடக்கம் அப்படித்தான் ஐயா. ஆனால் குறளில் உண்மை கடைசியாக வந்து சேர்கிறது. இங்கே வருவதே இல்லை. கண்ணுக்கிடும் மையில் தொடங்கி, கல், கடல், முகில் என்று பெரிதாகிக்கொண்டே போய், எதுவும் போதாமல் 'ஐயோ' என்று உடைகிறது. 'ஓ' 'ஓ' என்று வந்த ஐயமே 'ஐயோ'வில் வியப்பாகிவிடுகிறது.

போட்டித் தேர்வு எழுதுபவர்: ஐய வினாவும் அறி வினாவும் குழம்புகிறது.

பதில்: 'பாம்போ கயிறோ?' ஐய வினா. விடை தெரிந்த ஆசிரியர் மாணவரிடம் கேட்பது அறி வினா.

மேடைப் பேச்சாளர்: 'எதைச் சொல்வது, எதை விடுவது' என்று தொடங்கினால் தயாரிக்காமல் வந்ததாக நினைக்க மாட்டார்களா?

பதில்: அதோடு நிறுத்தினால் நினைப்பார்கள். உடனே இரண்டு பொருளைக் கண்முன் வையுங்கள். பணி நிறைவு விழாவில், 'இவரைத் தலைமையாசிரியர் என்பதா, மழை நாளில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை அழைத்து வந்த அண்ணன் என்பதா?' என்று கேட்டுப் பாருங்கள். இரண்டும் உண்மையாக இருக்க வேண்டும். இரண்டாவது கொஞ்சம் கூடுதலாகக் கனக்க வேண்டும்.

இல்லத்தரசி: உறவினர் ஒருவர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், 'சீட்டுப் பணத்தை அவர்தான் எடுத்திருப்பாரோ என்னவோ' என்று போட்டார். கேட்டால், சந்தேகமாகத்தானே சொன்னேன் என்கிறார்.

பதில்: குறளில் மயங்குவது சொல்பவன் நெஞ்சு, அதில் யாருக்கும் கேடில்லை. உங்கள் உறவினரின் 'ஓ'வோ இன்னொருவர் தலையில் பழியைப் போட்டுவிட்டுத் தான் ஒதுங்கிக்கொள்கிறது. எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று அதே குழுவில், எல்லோரும் பார்க்கக் கேளுங்கள் அம்மா.