இசைக் கல்லூரியில் படித்தால் "உண்மையான" சங்கீதம் வருமா?

"பழைய இசைக் கல்லூரிகளில் இப்போது லேப்டாப், ரெக்கார்டிங் என்று நவீன முறையில் சொல்லித்தருகிறார்களாம். அங்கே படித்தால் உண்மையான சங்கீதம் வருமா, தனியாக ஒரு குருவிடம் போவது மேலா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த "உண்மையான" என்ற சொல் இல்லாவிட்டால் பேசாமல் கடந்து போயிருப்பேன்.

நீங்கள் பிளஸ் டூ முடித்திருப்பீர்கள், ஓரளவு பாடுவீர்கள், வீட்டில் இன்ஜினியரிங் என்கிறார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். 2009இல் என் கதையும் அதுதான். கோவில்பட்டியிலிருந்து வந்து அடையாறு அரசு இசைக் கல்லூரியில் இசைக்கலைமணி என்ற படிப்பில் வாய்ப்பாட்டுப் பிரிவில் சேர்ந்தேன். 1949இல் தொடங்கிய கல்லூரி, முதல் முதல்வர் முசிறி சுப்பிரமணிய ஐயர். இடமோ அதைவிடப் பழசு. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் ஜேம்ஸ் பிராடி என்ற வெள்ளைக்காரர் ஆற்றங்கரையில் கட்டிய மாளிகை. அவர் அதே அடையாற்றில் மூழ்கி இறந்தவர் என்று சொல்லி சீனியர்கள் முதல் நாளே பயமுறுத்திவிடுவார்கள்.

எங்கள் சார் பழைய காலத்து மனிதர். நோட்டில் ஸ்வரம் எழுதினால் பிடிக்காது. "காதுல வாங்கு, கையில வாங்காதே" என்பார். தோடி ராகம் எடுத்தபோது என் காந்தாரத்தில், அதாவது "க" ஸ்வரத்தில், அசைவு போதவில்லை என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கோ அசைப்பதாகத்தான் தோன்றியது.

மூன்றாம் வருடம், ஆராய்ச்சி செய்யும் பையன் ஒருவர் லேப்டாப்போடு வந்தார். நாம் பாடுவதை ஏறி இறங்கும் கோடாக வரைந்து காட்டும் மென்பொருள் அதில் இருந்தது. "ரி க ம" பாடினேன். தோடியில் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது, ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஊஞ்சல் மாதிரி போய்வர வேண்டும். என் கோடு லேசாக நடுங்கிவிட்டு, பந்தலுக்கு நட்ட மூங்கில் மாதிரி விறைப்பாக நின்றது. வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் சார் சொன்னது புரிந்துவிட்டது.

சார், "படம் வரையறதுக்கா பாட்டு கிளாஸ்?" என்று எழுந்து போய்விட்டார். சாப்பாட்டு நேரத்தில் மறந்த டிபன் பாக்ஸை எடுக்கத் திரும்பினால், அந்தப் பையனோடு சார் மட்டும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அதே "ரி க ம" நான்கு முறை பாடினார். நான்கு கோடுகள், ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரையருகே குனிந்து பார்த்தார். வாசலில் நான் நிற்பதைக் கண்டதும், "பாத்தியா? இதத்தான் எழுதி வெச்சுக்காதேன்னு சொன்னேன்" என்றார். அடுத்த வாரத்திலிருந்து வகுப்பைப் போனில் பதிவு செய்ய விட்டார். எழுத மட்டும் கடைசிவரை விடவில்லை.

குருகுலத்தைக் குறை சொல்கிறாள் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். கல்லூரி முடித்து ஒரு டீச்சரிடம் மூன்று வருடம் தனியாகப் பாடம் கேட்டேன். கல்பனாஸ்வரம், அதாவது மனசில் தோன்றுகிற ஸ்வரங்களை அங்கேயே கோத்துப் பாடுவது, அங்கேதான் தைரியமாக வந்தது. மணி அடித்தால் எழுந்து போகிற வகுப்பில் அது வருவது கஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று இன்னும் உறுத்துகிறது. ஒரு சபாவில் வாய்ப்புக் கேட்டுப் போனபோது காரியதரிசி, "யார்கிட்ட பாடம்?" என்றார். கல்லூரியைச் சொன்னேன். "ஓ, காலேஜ் பாட்டா" என்று ஃபைலை மூடிவிட்டார். பாட்டு கேட்கவே இல்லை. அவருக்குச் சரித்திரம் தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். அந்தக் காலத்துப் பெரிய வித்வான் மகா வைத்தியநாத ஐயரின் சீடர் சபேச ஐயர். சபேச ஐயரிடம் பாடம் கேட்டவர் எங்கள் கல்லூரியின் முதல் முதல்வர் முசிறி. அந்தச் சபேச ஐயரே, ராஜா அண்ணாமலைச் செட்டியார் 1929இல் சிதம்பரத்தில் தொடங்கிய இசைக் கல்லூரிக்குத்தான் சொல்லிக்கொடுக்கப் போனார். முசிறி அடையாறுக்கு வந்தார். குருகுலத்தில் வளர்ந்தவர்களே வகுப்பறைக்கு வந்த பிறகு, இதில் "உண்மை" எது, "காலேஜ்" எது?

வேலை கிடைக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், வயிற்றெரிச்சல். தனியார் பள்ளி ஒன்றில் பாட்டு டீச்சராக இருக்கிறேன். வாரம் இரண்டு பீரியட். அதிலும் ஒன்றைக் கணக்கு சார் "போர்ஷன் முடிக்கணும் மேடம்" என்று வாங்கிக்கொள்வார். ஆண்டு விழா வந்தால் மட்டும் நான்தான் எல்லோருக்கும் வேண்டும், அதுவும் சினிமாப் பாட்டுக்கு.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். சேருங்கள். சேர்க்கைத் தேர்வில் பாடச் சொன்னால் பெரிய கீர்த்தனையெல்லாம் எடுக்காதீர்கள், நன்றாக வரும் ஒரு வர்ணத்தைச் சுருதி விலகாமல் பாடுங்கள். அதை இன்று இரவே போனில் பதிவு செய்துவிட்டு, நாளைக் காலையில் கேளுங்கள். பாடின கையோடு கேட்டால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.