அப்பாவின் சுருட்டுப் பழக்கம் எனக்கும் இரத்தத்தில் வந்துவிட்டதா?

இல்லை தம்பி, மரபணு சிகரட்டை விடுவதைக் கடினமாக்கலாம், ஆனால் முடியாததாக்காது. களுவாஞ்சிக்குடியில் உங்களோடு சேர்ந்து சிகரட்டை விட்ட அண்ணன் ஒரு கிழமையில் தப்பிவிட்டார், நீங்கள் மூன்று முறையும் மூன்றாம் நாளே விழுந்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கூடப்பிறந்தவர்களுக்கும் மரபணு சராசரியாகப் பாதிதான் ஒன்றாக இருக்கும். அவரோடு உங்களை ஒப்பிட்டு மனம் உடைய வேண்டாம்.

ஒரு காரணம் இதுவாக இருக்கலாம். நிக்கோட்டினை ஈரலில் உடைப்பது சிவைபி2ஏ6 என்ற நொதியம். அதன் வேகம் மரபணுவைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும். வேகமாக உடைப்பவருக்கு இரத்தத்தில் நிக்கோட்டின் சீக்கிரம் குறைந்து, உடம்பு அடுத்த சிகரட்டைத் தேடும். அதோடு, விட்ட 2, 3 நாளில்தான் தவிப்பு உச்சத்தில் நிற்கும். நீங்கள் விழுந்தது சரியாக அந்த இடத்தில்.

இதைப் பாருங்கள்: காலையில் எழும்பி எத்தனை நிமிடத்தில் முதல் சிகரட்? 30 நிமிடத்துக்குள் என்றால் அடிமைத்தனம் பலம். 5 நிமிடத்துக்குள் என்றால் இன்னும் பலம். அப்படியானால் வெறும் மனவுறுதியை நம்பாமல், நிக்கோட்டின் ஒட்டுப்பட்டி அல்லது சுயிங்கம் பற்றி டொக்டரிடம் கேளுங்கள். மரபணுப் பரிசோதனைக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை.

நெஞ்சு வருத்தம் இருந்தாலோ வேறு மருந்து எடுத்தாலோ அதை முதலில் அவரிடம் சொல்லுங்கள். இன்னொன்று, சிகரட்டுக்குப் பதிலாக வெற்றிலையோடு புகையிலை போடத் தொடங்காதீர்கள். நம் பக்கத்தில் பலர் அப்படித்தான் மாறுகிறார்கள். அதிலும் அதே நிக்கோட்டின்தான், வாய்ப் புற்றுநோய் ஆபத்தும் சேர்ந்து வரும்.