மதுரையிலிருந்து துபாய் பக்கமா, சிங்கப்பூர் பக்கமா?

டிக்கெட்டைப் பார்த்தால் துபாய்க்கு இரண்டரை மணி நேரம், சிங்கப்பூருக்கு ஆறரை என்று தெரிகிறதே, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். மதுரை பெருங்குடியில் உள்ள விமான நிலையத்திலிருந்து நேர்கோட்டில் துபாய் சுமார் 2,950 கி.மீ., சிங்கப்பூர் சுமார் 3,010. ஏறக்குறைய நட்டநடுவில்தான் நம்ம மதுரை! நேரடி விமானம் என்றால் இரண்டுக்கும் நான்கு மணி நேரத்தை ஒட்டித்தான் ஆகும்.

பகல் 12 மணிக்குக் கிளம்பினால் இறங்கும்போது நம் கடிகாரத்தில் மாலை 4. துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னே, அங்கே 2.30தான். சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னே, அங்கே 6.30.

அப்புறம் காற்று. குளிர்காலத்தில் உயரே மேற்குக் காற்று பலமாக வீசும். துபாய் போக நேரம் கூடும், திரும்பும்போது குறையும். வேன் பிடித்து வழியனுப்ப வருகிற சொந்தக்காரர்களுக்கு ஆகும் நேரம் தனிக்கணக்கு.