ஊசி போடும் சிஸ்டரிடம் குடும்பக் கவலையைச் சொல்லலாமா?

கேள்வி: திருமணமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இரண்டாவது முறையாகச் சோதனைக்குழாய் சிகிச்சை எடுக்கிறோம். ஊசி தொடங்கியதிலிருந்து என் கணவர் சரியாகப் பேசுவதில்லை; கிளினிக்குக்கு வந்தாலும் காரிலேயே உட்கார்ந்துவிடுகிறார். தைப்பூசக் காவடிக்குப் போன இடத்தில் உறவினர்கள் "விசேஷம் உண்டா?" என்று கேட்க, அன்றிரவு பெரிய சண்டை. கிளினிக் சிஸ்டர் அன்பானவர். இதையெல்லாம் அவரிடம் சொல்லலாமா?
– வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: தயங்காமல் சொல்லுங்கள், சகோதரி. இதைக் கேட்பதும் அவருடைய பணிதான். மனித இனப்பெருக்கத்துக்கான ஐரோப்பிய மருத்துவச் சங்கம், இத்துறைப் பணியாளர்களுக்கென 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியில், கணவன் மனைவி இருவரையும் சிகிச்சையில் சேர்த்துக்கொள்வதைத் தம்பதியர் பெரிதும் மதிக்கிறார்கள் என்றும், கருமுட்டை எடுக்கும்போதும், கருவைக் கருப்பையில் வைக்கும்போதும், முடிவுக்காகக் காத்திருக்கும்போதும் மன அழுத்தம் கூடுகிறது என்றும் கூறியிருக்கிறது.

உங்கள் கணவர் காரில் இருந்துவிடுவதை அக்கறையின்மை என்று நான் எண்ணவில்லை. விந்து மாதிரி கொடுத்தபின் அங்கே தமக்கு வேலையே இல்லை என்று பல ஆண்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். ஏறத்தாழப் பாதித் தம்பதியரில் ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. ஆனாலும் நம் குடும்பங்களில் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, பேச்சு முழுவதும் மருமகள் மீதே விழுகிறது. ஆகவே, ஊசி போடும் முறையை அவருக்கும் கற்றுக்கொடுக்கும்படி சிஸ்டரிடம் கேளுங்கள். ஊசிப் பேனாவில் அளவைத் திருப்பி வைப்பதையும், வயிற்றில் தினமும் இடம் மாற்றிப் போடுவதையும், மருந்து முழுதும் இறங்கும்வரை பத்து எண்ணிவிட்டு ஊசியை எடுப்பதையும் அவர் தம் கையால் செய்து பழகட்டும். தினமும் அந்தச் சில நிமிடங்கள் இருவரும் அருகருகே இருப்பீர்கள். பேச்சுக்கு அதுவே போதுமான தொடக்கம்.

தாம்பத்தியம் நாள் குறித்துச் செய்யும் கடமையாகிவிட்டிருந்தால் அதையும் கூச்சமின்றிச் சொல்லுங்கள். எந்த நாட்களில் விலகியிருக்க வேண்டும் என்று சிஸ்டர் தெளிவாகக் கூறிவிட்டால், மற்ற நாட்களில் சிகிச்சைக்குக் கெடுதல் ஆகுமோ என்ற பயம் இராது. உங்கள் கணவரிடம் தனியாகப் பேசும்படியும் கேட்கலாம். மனைவியின் முன் அழ விரும்பாத ஆண் ஒரு செவிலியரிடம் மனம் திறக்கக்கூடும். உறவினர்களுக்கு என்ன பதில் என்பதை இருவரும் முன்கூட்டியே முடிவுசெய்து, அவர் வீட்டாருக்கு அவரே சொல்வதுதான் முறை.

கரு வைத்தபின் ஏறத்தாழ இரண்டு வாரக் காத்திருப்பில், வீட்டிலேயே சிறுநீர்ப் பரிசோதனை செய்ய அவசரப்பட வேண்டாம். அந்தப் பரிசோதனை தேடுவது ஹெச்.சி.ஜி. என்னும் ஹார்மோனை; முட்டை முதிர்வதற்காகப் போட்ட ஊசியிலும் அதுவே இருப்பதால், அந்த மருந்து உடலில் எஞ்சியிருந்தால், கரு தங்காதபோதும் தங்கியதாகக் காட்டிவிடும். இரத்தப் பரிசோதனை முடிவை, இருவரும் வீட்டில் இருக்கும் நேரத்தில் தொலைபேசியில் சொல்லும்படி சிஸ்டரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். இருவரில் ஒருவருக்குத் தூக்கமும் பசியும் பல நாட்களாக இல்லையென்றால், மனநல ஆலோசகரிடம் அனுப்பும்படி அவரிடமே கேளுங்கள். அதற்குச் சிகிச்சை முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.