மாயாற்றில் ராஃப்டிங் போகலாமா?

கேள்வி: நாங்கள் கூடலூரைச் சேர்ந்த ஐந்து நண்பர்கள். மே விடுமுறையில் பைக்காராவிலோ மாயாற்றிலோ ரப்பர் படகில் ‘ராஃப்டிங்’ போக ஆசைப்படுகிறோம். எங்களில் இருவருக்கு நீச்சல் தெரியாது. எப்படித் திட்டமிடுவது?
– வாசகர், கூடலூர்

பதில்: இடம், மாதம் இரண்டையுமே மாற்றிக்கொள்ளுங்கள். பைக்காராவின் தண்ணீர் 1932 முதல் மின் உற்பத்திக்குக் கட்டுப்பட்டது. பெரும்பாலான நாட்களில் அணைக்குக் கீழே பாறைதான் தெரியும், மதகைத் திறந்துவிட்டாலோ வெயில் காயும் நேரத்திலும் வெள்ளம் வந்துவிடும். அங்கே படகு இல்லத்தில் கிடைப்பது ஏரிச் சவாரி மட்டுமே. மாயாறு முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டி ஓடுகிறது. வனத்துறை அனுமதியின்றி அங்கே நுழைவதே குற்றம், போதாக்குறைக்கு முதலைகளும் உண்டு.

உங்களுக்கு ஏற்றது தெற்குக் குடகிலுள்ள பாராபோளே ஆறு. தென்மேற்குப் பருவமழையை நம்பிய ஆறு என்பதால் மே மாதத்தில் படகு மிதக்கும் அளவுக்கு நீர் இராது. ஜூலை, ஆகஸ்டில் ஒரு வார இறுதியைப் பாருங்கள். சுல்தான் பத்தேரி, மானந்தவாடி, குட்டா வழியாகப் போகலாம். மைசூர் வழியை நினைத்தால், பந்திப்பூர் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படுவதை மறவாதீர்கள்.

நீச்சல் தெரியாதவர்கள் அதை வழிகாட்டியிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கூச்சத்தில் மறைப்பவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. உயிர்காப்பு அங்கியின் வார்களை இறுக்கிய பிறகு, நண்பர் ஒருவர் உங்கள் தோள்பட்டையில் அதைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்கட்டும்: காதுவரை ஏறி வந்தால் அது உங்கள் அளவல்ல, வேறு கேளுங்கள். தவறி விழுந்தால் மல்லாந்து, பாதங்களை நீரோட்டத்தின் திசையில் நீட்டி மிதக்க வேண்டுமே தவிர, ஓடும் நீரில் எழுந்து நிற்க முயலக் கூடாது. பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொண்டால், பின்னாலிருந்து தள்ளும் தண்ணீர் இடுப்பளவு ஆழத்திலேயே ஆளைக் கவிழ்த்து அமுக்கிவிடும்.

ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கனக்கும். அட்டைக்கடி உங்களுக்குப் புதிதல்ல. மழை மிகுந்து படகை நிறுத்திவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை மட்டும், முன்பதிவு செய்யும்போதே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.