திருகோணமலை கடிதத்துல கையெழுத்துப் போட்ட நேவி ஆபீசர்: ஒரு ஸ்டாஃப் ஆபீசரோட சர்வீஸைத் தேடிப் படிக்கிறது எப்படி?

கேள்வி: எங்க தாத்தா யுத்த காலத்துல திருகோணமலை டாக்யார்ட்ல கிளார்க்கா இருந்தவர். 1944 மார்ச்ல அவருக்குக் குடுத்த ஒரு நற்சான்றுக் கடிதம் வீட்ல இருக்கு. கீழ "ஃபார் சீஃப் ஆஃப் ஸ்டாஃப், ஈஸ்டர்ன் ஃப்ளீட்"னு டைப் அடிச்சிருக்கு, மேல ஒரு கையெழுத்து, பக்கத்துல "கமாண்டர், ஆர்.என்."னு (ராயல் நேவி, அதாவது பிரிட்டிஷ் கடற்படை) இருக்கு. பேர் ஓரளவு படிக்க முடியுது. இந்த ஆபீசர் யாரு, எவ்ளோ பெரிய பதவி, அப்புறம் என்ன ஆனார்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? நெட்ல தேடினா போர்க்கப்பல் கேப்டன்களோட கதைதான் வருது. (திருச்சி வாசகி)

பதில்: கையெழுத்துக்கு முன்னாடி இருக்கிற அந்த "ஃபார்"தான் உங்களுக்கு முதல் துப்பு. கையெழுத்துப் போட்டவர் சீஃப் ஆஃப் ஸ்டாஃப் கிடையாது, அவருக்காகப் போட்ட இன்னொரு ஸ்டாஃப் ஆபீசர்னு அர்த்தம். ஸ்டாஃப்னா தளபதிக்குத் திட்டம் போட்டு, கட்டளை எழுதிக் குடுக்கற ஆபீசர் குழு, அதுக்குத் தலைவர்தான் சீஃப் ஆஃப் ஸ்டாஃப். அந்த நேரத்துல இந்தியப் பெருங்கடல்ல இருந்த பிரிட்டிஷ் கப்பல் படையான ஈஸ்டர்ன் ஃப்ளீட்டுக்குத் தளபதி அட்மிரல் ஜேம்ஸ் சோமர்வில், அவரோட சீஃப் ஆஃப் ஸ்டாஃப் ரால்ஃப் எட்வர்ட்ஸ், அவர் அப்போ கமடோர், அதாவது கேப்டனுக்கு மேல, ரியர் அட்மிரலுக்குக் கீழ. உங்க கடிதத்துல கமாண்டர்னு இருக்கு, அதனால இவர் எட்வர்ட்ஸுக்குக் கீழ ஆபரேஷன்ஸ், பிளான்ஸ், இன்டெலிஜென்ஸ், சிக்னல்ஸ் மாதிரி ஏதோ ஒரு டெஸ்க்கைப் பாத்தவரா இருக்கணும். நேவியில கமாண்டர்னா சின்னப் பதவி இல்லங்க, அதுக்கு அடுத்த படி கேப்டன். லெப்டினன்ட்டா 8 வருஷம் முடிச்சா லெப்டினன்ட் கமாண்டர் பதவி தானா வந்துடும், ஆனா கமாண்டர் ஆகறதுக்குத் தேர்வுல பேர் வரணும், நிறைய பேரு அந்த இடத்துலயே தங்கிப் போய் ரிட்டயர் ஆயிடுவாங்க.

அடுத்து நேவி லிஸ்ட். பிரிட்டிஷ் நேவியோட தலைமையகமான அட்மிரால்டி அச்சடிச்ச ஆபீசர் பட்டியல் இது. ரெண்டாம் உலகப்போர் கால நேவி லிஸ்ட்களை ஸ்காட்லாந்து நேஷனல் லைப்ரரி ஸ்கேன் பண்ணி இலவசமாவே நெட்ல போட்டிருக்காங்க. 1944ல வந்த ஏதாவது ஒரு லிஸ்ட்டை எடுத்து அகர வரிசையில உங்க ஆள் பேரைத் தேடுங்க, பேரு சரியாப் புரியலைன்னா முதல் எழுத்தையும் பதவியையும் வெச்சே நாலஞ்சு பேரா சுருக்கிடலாம். அங்க பேரோட அவருக்கு அந்தப் பதவி கிடைச்ச தேதியும் இருக்கும், அதான் சீனியாரிட்டி தேதி. இதை ரொம்பக் கவனமாப் பாருங்க. அந்தக் காலத்துல கமாண்டர், கேப்டன் பதவி உயர்வு வருஷத்துக்கு ரெண்டு தடவைதான், ஜூன் 30, டிசம்பர் 31. உங்க ஆளோட தேதி இந்த ரெண்டுல ஒண்ணா இருந்தா வழக்கமான தேர்வுல மேல வந்தவர். வேற ஏதோ நடுவாந்திர தேதின்னா, போரில் செஞ்ச காரியத்துக்காகத் தனியாக் குடுத்த உயர்வா இருக்கலாம், இல்ல ரிட்டயர்ட் லிஸ்ட்ல இருந்து திரும்பக் கூப்பிடப்பட்டவரா இருக்கலாம். லெப்டினன்ட் கமாண்டரா ரிட்டயர் ஆனவங்களுக்கு வயசு வரம்பைத் தொட்டதும் கமாண்டர்னு பேரளவுக்குப் பதவி குடுக்கற பழக்கம் இருந்துச்சு, போர் வந்ததும் இவங்கள்ல நிறைய பேரைத் திரும்ப யூனிஃபார்ம் போட வெச்சாங்க.

இங்கதான் எல்லாரும் தடுக்கி விழற ஒரு இடம் இருக்கு. உங்க ஆள் பேருக்கு நேரா "ஹைஃப்ளையர்"னோ "லங்கா"ன்னோ கப்பல் பேர் வரலாம், உடனே அந்தக் கப்பல் எங்க போச்சு, எந்தச் சண்டையில இருந்துச்சுன்னு தேடப் போயிடாதீங்க. ஹைஃப்ளையர் திருகோணமலையில இருந்த கரைத்தளம், லங்கா கொழும்புல இருந்த கரைத்தளம், சீனக்குடா விமானத்தளத்துக்கு பம்பாரான்னு பேர். லண்டன் அட்மிரால்டியில மேஜை வேலை பாத்தவங்க பலரையும் "பிரசிடென்ட்"ங்கற கப்பல் கணக்குல எழுதி வெப்பாங்க. ஆபீசர்னா ஏதோ ஒரு கப்பலோட புத்தகத்துல பேர் இருந்தாகணும், சம்பளம், ஒழுங்கு எல்லாம் அது வழியாத்தான் நடக்கும், அதனாலதான் இந்த ஏற்பாடு. ஒரு ஸ்டாஃப் ஆபீசரோட சர்வீஸ்ல "பிரசிடென்ட்" ரெண்டு மூணு தடவை வந்துச்சுன்னா அவர் லண்டன்ல ஏதோ முக்கியமான டிவிஷன்ல உக்காந்து வேலை பாத்திருக்கார்னு எடுத்துக்கலாம், அது பெரும்பாலும் நல்ல அடையாளம்தான்.

நெட்ல கப்பல் கேப்டன்களோட கதைதான் வருதுன்னு எழுதியிருந்தீங்க. சண்டை போட்ட கப்பலுக்குக் கதை இருக்கு, அந்தக் கப்பலை அந்த நேரத்துக்கு அந்த இடத்துல எண்ணெயும் குண்டும் கண்ணிவெடி இல்லாத பாதையுமா கொண்டு வந்து நிறுத்தினவருக்குக் கதை இல்ல. எனக்கு இது ரொம்ப நாளாவே மனசை உறுத்தற விஷயம். அதனால இப்படிப்பட்ட ஒருத்தரோட சர்வீஸை எப்படிப் படிக்கணும்னு முழுசா ஒரு உதாரணத்தோட சொல்றேன், அதே கண்ணோட உங்க ஆளையும் பாருங்க. உதாரணத்துக்கு பெர்ட்ராம் ராம்சேங்கற பிரிட்டிஷ் அட்மிரல்.

ராம்சே பொறந்தது 1883. 1898ல பையனா நேவியில சேந்தார். சிக்னல்ஸ் படிச்சவர், அதாவது ஒரு கடற்படைத் தலைவர் நினைக்கறதை மத்த கப்பல்களுக்கு எப்படிக் கொண்டு சேர்க்கறதுங்கறது அவரோட தொழில். பிரிட்டிஷ் நேவியில முறையான வார் ஸ்டாஃப்னு ஒண்ணு 1912 ஜனவரியிலதான் வந்துச்சு, அதுவும் 1911 மொராக்கோ நெருக்கடியில போர் வந்தா நேவி என்ன பண்ணும்னு கேட்டப்போ அட்மிரால்டியால ஒழுங்கா ஒரு திட்டத்தைச் சொல்ல முடியலங்கறது வெளிப்பட்ட பிறகு, சர்ச்சில் கடற்படை அமைச்சரா வந்து பண்ணின மாற்றம். அதுவரைக்கும் திட்டமெல்லாம் பெரிய அட்மிரலோட மண்டைக்குள்ளதான். புதுசா ஆரம்பிச்ச அந்த ஸ்டாஃப் கோர்ஸுக்கு ராம்சே 1913லயே போயிட்டார். அப்போ நிறைய ஆபீசர்கள் இதை மதிக்கல, கப்பலை விட்டுட்டு வகுப்புல உக்காருறது எதுக்குன்னு நினைச்சாங்க. நேவி லிஸ்ட்ல பேரைச் சுத்தி இருக்கிற சின்ன குறியீடுகளைப் பாருங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றது இதுக்காகத்தான். ஸ்டாஃப் கோர்ஸ் முடிச்சவங்களுக்கு பி.எஸ்.சி., மூத்த ஆபீசர்களுக்கான இம்பீரியல் டிஃபென்ஸ் காலேஜ் போனவங்களுக்கு ஐ.டி.சி. உங்க ஆளுக்கு முதல்ல சொன்னது இருந்துச்சுன்னா அவர் தற்செயலா ஆபீஸ் வேலைக்கு வந்தவர் கிடையாது, அதுக்குன்னே பயிற்சி எடுத்தவர்.

ராம்சே கடலுக்கும் போனார். முதல் உலகப்போர்ல டோவர் ரோந்துப் படையில எம்-25ங்கற சின்ன பீரங்கிக் கப்பல், அப்புறம் புரோக்ங்கற டெஸ்ட்ராயர். 1916ல கமாண்டர், 1923ல கேப்டன். நடுவுல ஜெல்லிக்கோ அட்மிரல் 1919ல காலனி நாடுகளோட கடற்படைகளைப் பாக்கப் போன பயணத்துல அவரோட ஸ்டாஃப்ல இருந்தார். பிறகு கப்பல் தலைமை, வார் காலேஜ்ல ஆசிரியர், 1929ல சீனக் கடல் பக்கம் கென்ட்ங்கற குரூசர், அதே நேரம் அந்தப் படைக்கு சீஃப் ஆஃப் ஸ்டாஃப், பிறகு இம்பீரியல் டிஃபென்ஸ் காலேஜ்ல ஆசிரியர், பிறகு ராயல் சாவரின் போர்க்கப்பல். கடல், மேஜை, கடல், மேஜைன்னு மாறி மாறி வருது பாருங்க. நல்லா மேல போற ஸ்டாஃப் ஆபீசருக்கு இதுதான் தடம். கேப்டன்ல இருந்து ரியர் அட்மிரல் ஆகறது பெரும்பாலும் சீனியாரிட்டி வரிசைப்படிதான், ஆனா போதுமான கடல் சர்வீஸ் இல்லேன்னா வரிசையில முன்னாடி நின்னாலும் பலன் இல்ல.

1935ல ராம்சே ரியர் அட்மிரல் ஆகி, பிரிட்டன் பக்கத்துக் கடலைக் காத்த ஹோம் ஃப்ளீட்டோட தளபதி ரோஜர் பேக்ஹவுஸுக்கு சீஃப் ஆஃப் ஸ்டாஃபா போறார். ரெண்டு பேரும் பழைய நண்பர்கள். ஆனா பேக்ஹவுஸ் எல்லாத்தையும் தானே பாத்து தானே எழுதற ஆள், ஸ்டாஃப்கிட்ட வேலையை விட மாட்டார். சில மாசத்துலயே, அதே வருஷம் டிசம்பர்ல, ராம்சே என்னை விடுவிச்சுடுங்கன்னு கேட்டு வெளிய வந்துட்டார். அப்புறம் உருப்படியான வேலையே கிடைக்கல, 1938ல ரிட்டயர்ட் லிஸ்ட். பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஸட்ல இதெல்லாம் ஒரே ஒரு வரிதான், காரணம் எதுவும் இருக்காது. பதவி உயர்வு, ஓய்வு, பதக்கம் இந்த மூணுக்கும் கெஸட் அருமையான ஆதாரம், அதுவும் நெட்ல இலவசம், ஆனா ஒருத்தர் எந்த டெஸ்க்ல என்ன வேலை பாத்தார்னு அதுல தேடினா பெரும்பாலும் ஏமாந்துதான் போவீங்க.

55 வயசுல வீட்டுக்குப் போன மனுஷன்னு அங்கயே தேடலை நிறுத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும் யோசிங்க! 1939 ஆகஸ்ட்ல அவரை டோவருக்குத் தளபதியா திரும்பக் கூப்பிட்டாங்க. 1940 மே 26 சாயந்திரம், பிரான்ஸ் கரையில ஜெர்மன் படைகிட்ட மாட்டிக்கிட்ட நேச நாட்டு வீரர்களைக் கடல் வழியா மீட்கற டன்கர்க் வெளியேற்றம் ஆரம்பிச்சப்போ, ரெண்டு நாள்ல ஒரு 45,000 பேரைக் கொண்டு வந்தாலே பெருசுன்னுதான் லண்டன்ல கணக்கு போட்டிருந்தாங்க. ஜூன் 4ல முடிஞ்சப்போ கரை சேந்தவங்க 3,38,226 பேர். டோவர் கோட்டைக்கு அடியில இருக்கிற சுரங்க அறைகள்ல உக்காந்துகிட்டு, எந்தக் கப்பல் எந்த வழியா போகணும், கண்ணிவெடி எங்க, எந்தத் துறைமுகத்துல இறக்கணும்னு ஒரு சின்ன ஸ்டாஃபை வெச்சு அவர் நடத்தினார், பேக்ஹவுஸ் மாதிரி எல்லாத்தையும் தன் கையில வெச்சுக்காம, டன்கர்க் கரையில நடக்கறதைப் பாத்துக்க அனுப்பின கேப்டன் வில்லியம் டென்னன்ட்டை நம்பி விட்டார். கடற்கரை மணல்ல இருந்து சின்னப் படகுல ஏத்தறது தாமதமாகுதுன்னு பாத்து, துறைமுகத்தோட கிழக்கு அலைத்தடுப்புச் சுவர்ல நேரா கப்பலைக் கட்டி ஆளை ஏத்தலாம்னு டென்னன்ட் எடுத்த முடிவுதான் பெரும்பாலானவங்களைக் காப்பாத்துச்சு.

பிறகு 1942 வட ஆப்பிரிக்கத் தரையிறக்கத்துக்குத் திட்டம், 1943 ஜூலையில சிசிலி, 1944ல பிரான்ஸோட நார்மண்டிக் கரையில தரையிறக்கம். நார்மண்டியில நேச நாட்டுக் கடற்படைகள் மொத்தத்துக்கும் அவர்தான் தளபதி, கிட்டத்தட்ட 7,000 கப்பலும் படகும். 5 கடற்கரைக்கு, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ரெண்டா, கண்ணிவெடியை அகத்தின 10 கடல் பாதைகள், அதுக்குள்ள யாரு எந்த நிமிஷத்துல நுழையணும்னு எல்லாத்தையும் எழுதி வெச்ச கட்டளைப் புத்தகம் எக்கச்சக்கத் தடிமன். இவ்ளோ விவரமா எதுக்கு எழுதணும், எங்க முடிவுக்கு விடலாமேன்னு அமெரிக்க அட்மிரல் கர்க் புகார் பண்ணினார். ஸ்டாஃபை வேலை செய்ய விடலன்னு ஒரு காலத்துல பதவியை விட்டவர் மேலயே இந்தப் புகார் வந்ததை நான் முரண்பாடா பாக்கல. அத்தனை ஆயிரம் கப்பல் ஒரே ராத்திரியில இருட்டுல குறுகின வழியில போகும்போது எழுதாம விட்ட ஒரு நிமிஷம் மோதல்ல முடியும், அதனால அவர் எழுதினது சரின்னுதான் என் கருத்து. கவனிக்க வேண்டிய விஷயம், 1944 ஏப்ரல் வரைக்கும் நேவி கணக்குல அவர் ரிட்டயர்ட் ஆபீசர், அப்பதான் திரும்ப ஆக்டிவ் லிஸ்ட்டுக்குக் கொண்டு வந்து அட்மிரல் ஆக்கினாங்க. 1945 ஜனவரி 2ம் தேதி பாரிஸ் பக்கத்துல விமான விபத்துல இறந்துட்டார்.

இப்போ உங்க கமாண்டருக்கு வாங்க. 1944 லிஸ்ட்ல ஆளை அடையாளம் கண்டுட்டா முன்னாடியும் பின்னாடியும் ஒவ்வொரு வருஷ லிஸ்ட்டா நகருங்க, தேதி, பதவி, கப்பல் அல்லது கரைத்தளம், அப்போ அவருக்கு மேலதிகாரி யாருன்னு ஒரு நோட்ல எழுதிட்டே வாங்க. மேலதிகாரி பேரை விட்டுடாதீங்க, ஸ்டாஃப் ஆபீசரோட வேலை அந்த மேலதிகாரியோட காகிதங்கள்லதான் ஒளிஞ்சிருக்கும். எட்வர்ட்ஸோட டைரி, சோமர்வில்லோட காகிதங்கள் ரெண்டுமே கேம்பிரிட்ஜ்ல இருக்கிற சர்ச்சில் ஆவணக் காப்பகத்துல இருக்கு, ராம்சேயோடதும் அங்கதான். மெயில்ல உங்க கமாண்டரோட பேரையும் தேதியையும் குடுத்து, அவரைப் பத்தி ஏதாவது குறிப்பு இருக்கான்னு பணிவா கேளுங்க.

அவரோட சொந்த சர்வீஸ் பதிவு லண்டன் கியூவுல இருக்கிற நேஷனல் ஆர்கைவ்ஸ்ல தேடணும். பழைய ஆபீசர்களுக்கு அட்மிரால்டி 196ங்கற வரிசை, அதுல மேலதிகாரிகள் எழுதின சுருக்கமான மதிப்பீடுகளும் இருக்கும், "சாமர்த்தியசாலி, முன்கோபி" ரேஞ்சுல ஒரே வரியில ஆளைக் கண்ணு முன்னாடி நிறுத்திடுவாங்க. அதுல இல்லேன்னா 340ங்கற வரிசையைப் பாருங்க. பாதுகாப்பு அமைச்சகத்துகிட்ட இருந்த பைல்களையும் இப்போ படிப்படியா அங்க மாத்திட்டு இருக்காங்க, அதனால இன்னிக்குக் கிடைக்கலன்னா சில மாசம் கழிச்சு இன்னொரு தடவை தேடுங்க. யுத்த காலப் படைக் குறிப்புகள் அட்மிரால்டி 199 வரிசையில இருக்கு.

தாத்தாவோட பழைய போட்டோ ஏதாவது இருந்து, அதுல ஆபீசர்கள் நீல யூனிஃபார்ம்ல இருந்தா கைப் பட்டையைப் பெருசு பண்ணிப் பாருங்க. தங்கக் கோடுகளுக்கு நடுவுல வெள்ளைத் துணி தெரிஞ்சா அவர் சம்பளம், கணக்கு, கடித வேலை பாத்த பேமாஸ்டர் பிரிவு, அட்மிரலோட செக்ரெட்டரி இந்தப் பிரிவுல இருந்துதான் வருவார், கிளார்க்குங்களோட நெருங்கிப் பழகினவங்களும் இவங்கதான். கருப்பு வெள்ளைப் படத்துல வெள்ளை மட்டும்தான் தைரியமா சொல்ல முடியும், இன்ஜினியரோட ஊதாவும் டாக்டரோட சிவப்பும் ஒண்ணு போலவே இருட்டாத் தெரியும். திருகோணமலை வெயில்ல பெரும்பாலும் வெள்ளை டிரஸ்தான், அப்போ தோள் பட்டையைப் பாக்கணும்.

கடைசியா, கடிதத்தோட மேல் ஓரத்துல ஒரு நம்பர் அடிச்சிருக்கான்னு பாருங்க, அது எந்த ஆபீஸ்ல இருந்து வந்துச்சுங்கறதுக்கான ஃபைல் நம்பரா இருக்கலாம், கியூவுக்கு எழுதும்போது அதையும் சேத்து எழுதுங்க. ரெண்டு பக்கத்தையும் நல்ல ரெசல்யூஷன்ல ஸ்கேன் பண்ணி வெச்சுக்கோங்க, ஒரிஜினலை லேமினேட் மட்டும் பண்ணிடாதீங்க, 80 வருஷக் காகிதம் அந்தச் சூட்டைத் தாங்காது.