அமெரிக்காவில் தோட்டத் தீனிப்பெட்டிக்கு வரும் சிவப்புத் தலைக் குருவி ஹவுஸ் ஃபிஞ்சா, பர்ப்பிள் ஃபிஞ்சா?

நகர, புறநகர்த் தோட்டம் என்றால் பெரும்பாலும் ஹவுஸ் ஃபிஞ்ச்தான். நிறத்தை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள். அந்தச் சிவப்பு, இறகு முளைக்கும் காலத்தில் தின்ற உணவிலுள்ள கரோட்டினாய்டுகள் என்ற நிறமிகளால் வருவது. அவை குறைந்தால் ஆண் பறவை ஆரஞ்சாகவோ மஞ்சளாகவோகூட இருக்கும்.

விலாவைப் பாருங்கள். ஹவுஸ் ஃபிஞ்ச் ஆணின் வயிற்றுக்கு இருபுறமும் பழுப்புக் கோடுகள் தெளிவாக ஓடும். சிவப்பு நெற்றியிலும் மார்பிலும் வாலடியிலும் நின்றுவிடும். பர்ப்பிள் ஃபிஞ்ச் ஆணுக்கோ ரோஜாச் சிவப்பு உச்சந்தலை, முதுகு, விலா என்று பரவிக் கிடக்கும். பெயரில்தான் ஊதா!

உண்மையில் பெண் பறவைகளைப் பிரிப்பதுதான் சுலபம். பர்ப்பிள் பெண்ணின் கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவக்கோடு பளிச்சென்று தெரியும். ஹவுஸ் பெண்ணின் முகத்தில் அப்படி எதுவுமே இராது.

ஹவுஸ் ஃபிஞ்ச் அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்கும் மெக்சிகோவுக்கும் உரியது. கூண்டில் வைத்து விற்பது சட்டவிரோதம் என்பதால், 1940 வாக்கில் நியூயார்க் வியாபாரிகள் தங்களிடமிருந்த பறவைகளை அங்குள்ள லாங் ஐலண்ட் தீவில் திறந்துவிட்டார்கள். கிழக்கில் பெருகியது அந்த வம்சம்தான்.

கண் வீங்கி, இமை ஒட்டிக்கொண்ட பறவை வந்தால் அது மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாத் தொற்றாக இருக்கலாம். உடனே பெட்டியை இறக்கி, 1 பங்கு பிளீச்சுக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து கழுவி, நன்றாக உலர்த்துங்கள். சில நாட்கள் தீனி வைக்காமலிருப்பது நல்லது.